ஃபேர்போன் 5: எட்டு ஆண்டு ஆயுளைத் தீர்மானித்த சிப்

2023 ஆகஸ்ட் 30 அன்று, ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஃபேர்போன் நிறுவனம் ஃபேர்போன் 5 என்ற தன் புதிய போனை அறிவித்தது. விலை 699 யூரோ, அதாவது அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 63,000 ரூபாய். அந்த விலைக்கு அது தந்த வசதிகளை மட்டும் பட்டியல் போட்டுப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 6.46 அங்குல ஓலெட் திரை, 8 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பிடம், 4,200 எம்ஏஎச் பேட்டரி, 30 வாட் சார்ஜிங். வயர்லெஸ் சார்ஜிங் கிடையாது, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ கேமராவும் கிடையாது. இதே வசதிகளைப் பாதி விலைக்குத் தரும் போன்கள் அன்றே கடைகளில் இருந்தன.

ஆனால் அந்த அறிவிப்பில் இருந்த ஒரு வரி, அதுவரை எந்த ஆண்ட்ராய்டு நிறுவனமும் சொல்லத் துணியாதது. இந்த போனுக்கு 2031 வரை மென்பொருள் ஆதரவு உண்டு, குறைந்தது ஐந்து முறை ஆண்ட்ராய்டின் பெரிய பதிப்பு மேம்படுத்தப்படும் என்றார்கள். எட்டு ஆண்டுகள். அந்தச் சமயத்தில் சாம்சங்கின் உயர்விலை போன்களுக்கே ஐந்து ஆண்டுதான் பாதுகாப்பு அப்டேட் கிடைத்துக்கொண்டிருந்தது. நடுத்தர விலை போன்கள் பலவற்றுக்கு மூன்று ஆண்டு கிடைத்தாலே அதிகம்.

ஃபேர்போனைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அதன் கழற்றி மாட்டும் வசதியைத்தான் படம் பிடித்துக் காட்டுவார்கள். நகத்தால் நெம்பினால் திறக்கும் பின்மூடி, கையாலேயே எடுத்துவிடக்கூடிய பேட்டரி, ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவரில் கழன்று வரும் கேமரா. பார்க்க நன்றாக இருக்கும், உண்மையிலேயே பயனுள்ளதும்கூட. ஆனால் இந்த போனின் ஆயுளைத் தீர்மானித்த முடிவு வெளியே தெரியாத இடத்தில் எடுக்கப்பட்டது என்பதே என் எண்ணம். அது எந்த சிப்பைப் போடுவது என்ற முடிவு. அதை விளக்குவதற்கு முன், கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

பிரித்துப் பார்த்தால்

ஃபேர்போன் 5-ஐப் பயனரே பத்து பாகங்களாகப் பிரிக்க முடியும். திரை, பேட்டரி, பின்மூடி, பிரதான கேமரா, அகலக்கோண கேமரா, செல்ஃபி கேமரா, ஒலிபெருக்கி, காதருகே ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கர், யுஎஸ்பி போர்ட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி பாகம். நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு விற்கிறார்கள். போன் வெளியான சமயத்தில் பேட்டரி சுமார் 40 யூரோ, திரை சுமார் 100 யூரோ. போன்களைப் பிரித்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது.

நம்மூரில் ரிச்சி தெருவிலோ, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் செல்போன் கடையிலோ ஒரு போனைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சூடு காட்டிப் பசையை இளக்குவார்கள். அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் செருகி, கண்ணாடி உடையாமல் மெதுவாகப் பெயர்ப்பார்கள். பேட்டரியும் பசையில்தான் ஒட்டியிருக்கும். கைத்தேர்ச்சி உள்ளவர் செய்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் திரை போய்விடும். ஃபேர்போன் 5-இல் இந்தப் பசையே இல்லை. அதனால் வீட்டில் இருக்கும் ஒருவரே சார்ஜிங் போர்ட்டை மாற்றிக்கொள்ள முடிகிறது.

மற்ற நிறுவனங்கள் பசை போடுவதைச் சதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பசைக்கு வேலை இருக்கிறது. அது தண்ணீர் புகாமல் தடுக்கிறது, போனை மெல்லியதாக வைக்க உதவுகிறது, கீழே விழும்போது உள்ளே பாகங்கள் ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. அதை விலக்கியதற்கு ஃபேர்போன் கொடுத்த விலை கண்ணுக்குத் தெரிகிறது. 2023-இல் ஓரளவு விலை கொடுத்து வாங்கும் போன்கள் பல ஐபி68 தரத்தில் வந்தன, அதாவது தண்ணீருக்குள் சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஃபேர்போன் 5-க்கு ஐபி55தான். மழையில் நனையலாம், குழாய் நீர் பீய்ச்சினாலும் தாங்கும், ஆனால் வாளிக்குள் விழுந்தால் உத்தரவாதம் இல்லை. 9.6 மில்லிமீட்டர் தடிமன், 212 கிராம் எடை.

பேட்டரியின் கொள்ளளவும் இதோடு சேர்ந்த விஷயம். பசையில் ஒட்டும் பேட்டரி மெல்லிய உறைக்குள் இருந்தால் போதும். கையால் எடுத்து, பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய பேட்டரிக்குக் கெட்டியான உறை வேண்டும், இல்லாவிட்டால் வளைந்து தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அந்த உறையும், அதைத் தாங்கும் சட்டமும் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. மற்றவர்கள் 5,000 எம்ஏஎச் திணிக்கும் இடத்தில் இவர்களால் 4,200தான் வைக்க முடிந்தது.

இந்தப் பேரம் லாபமா நட்டமா என்பது நீங்கள் போனை எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. உள்ளே நடக்கும் பக்கவிளைவு வேதிவினைகள் லித்தியத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாகப் பிடித்து வைத்துவிடும், வெப்பம் அதை வேகப்படுத்தும். தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவது சாதாரணம். முதல் நாளில் 5,000 இருந்த போன் நான்காவது ஆண்டில் 4,000-க்குக் கீழே நிற்கும். ஃபேர்போன்காரர் அதே நான்காவது ஆண்டில் 40 யூரோவுக்குப் புதுப் பேட்டரி வாங்கி மாட்டி, மறுபடி 4,200-இல் தொடங்குவார். இரண்டு ஆண்டில் போனை மாற்றுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆறேழு ஆண்டு வைத்திருப்பவருக்கு இதுதான் ஒரே கணக்கு.

கேமராவைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. பின்புறம் இரண்டு, முன்புறம் ஒன்று, மூன்றுமே 50 மெகாபிக்சல். பிரதான கேமராவில் சோனியின் ஐஎம்எக்ஸ்800 சென்சார். பகல் வெளிச்சத்தில் நல்ல படம் வரும். இருட்டில், படத்தை மென்பொருளால் சரிசெய்வதில் பல ஆண்டு அனுபவம் உள்ள கூகுளின் பிக்சலுக்கும் ஆப்பிளின் ஐபோனுக்கும் பின்னால்தான் நிற்கும். பக்கவாட்டில் இருக்கும் பவர் பட்டனிலேயே கைரேகை சென்சார். மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறது. உயர்விலை போன்களில் இன்று அது அரிது.

ஹெட்போன் ஜாக் இல்லாதது மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத குறை. 2021-இல் வந்த ஃபேர்போன் 4-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் புகாத தரத்துக்காகவும் மெல்லிய வடிவத்துக்காகவும் என்று காரணம் சொன்னார்கள். அதே சமயத்தில் வயர்லெஸ் இயர்பட்ஸ் ஒன்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பத்தாண்டு உழைக்கும் கம்பி ஹெட்போனுக்கு வழி அடைத்துவிட்டு, சின்ன பேட்டரி தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டிய பொருளை விற்றது அவர்களுடைய ஆதரவாளர்களையே கோபப்படுத்தியது. 2024-இல் பேட்டரி மாற்றக்கூடிய ஃபேர்பட்ஸ் என்ற இயர்பட்ஸைக் கொண்டுவந்து அந்தக் குறையை ஓரளவு சரிசெய்தார்கள். ஜாக் மட்டும் திரும்ப வரவில்லை.

அப்டேட் எங்கிருந்து வருகிறது

சரி, இப்போது உள்ளே போவோம். ஆண்ட்ராய்டு போன் ஒன்று ஏன் மூன்று, நான்கு ஆண்டுகளில் கிழடாகிவிடுகிறது? பலரும் நினைப்பது போல் போனைச் செய்த நிறுவனத்தின் சோம்பல் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. அப்டேட் நம் கைக்கு வருவதற்குள் கடந்து வரும் பாதையைப் பார்த்தால் இது புரியும்.

கூகுள் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பை வெளியிடுகிறது. அந்த மூல நிரல் யாருக்கும் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே எடுத்து ஒரு போனில் ஏற்றினால் திரைகூட எரியாது. ஏனென்றால் போனின் இதயமாக இருக்கும் சிப்புக்கு அதனுடன் பேசத் தெரிய வேண்டும். கிராஃபிக்ஸ், கேமரா, வைஃபை, மொபைல் சிக்னலைக் கையாளும் மோடம் ஆகிய ஒவ்வொன்றையும் இயக்கும் டிரைவர் மென்பொருள் வேண்டும். இவற்றை எழுதுவது சிப்பைச் செய்யும் நிறுவனம். பெரும்பாலும் குவால்காம், இல்லாவிட்டால் மீடியாடெக். அவர்கள் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பத் தங்கள் டிரைவர்களையும், ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடி வன்பொருளை நிர்வகிக்கும் லினக்ஸ் கர்னல் என்ற மையப் பகுதியையும் திருத்தி ஒரு தொகுப்பாகப் போன் நிறுவனத்துக்குத் தருகிறார்கள். அதற்கு மேல்தான் போன் நிறுவனம் தன் வேலையைத் தொடங்குகிறது. அதன் பிறகு கூகுளின் சோதனைகள், சில நாடுகளில் தொலைதொடர்பு நிறுவனங்களின் சோதனைகள், கடைசியில் நாம்.

இந்தச் சங்கிலியில் சிப் நிறுவனம் கையை விரித்துவிட்டால் மற்ற எல்லோரும் நின்றுவிட வேண்டியதுதான். அந்த டிரைவர்களில் பலவற்றின் மூல நிரல் வெளியே தரப்படுவதில்லை. கணினிக்குப் புரியும் வடிவத்தில் மட்டுமே வரும், திறந்து திருத்த முடியாது. வீடு நம் பெயரில் இருந்தும் மூலப் பத்திரம் இன்னொருவர் பீரோவில் இருப்பது போன்ற நிலை இது. சிப் நிறுவனத்துக்கோ பழைய சிப்பைப் பராமரிப்பதில் வருமானம் இல்லை. புதிய சிப் விற்றால்தான் காசு. அதனால் பல ஆண்டுகளாக ஒரு சிப் வெளியான இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் அதன் ஆதரவு முடிந்துவிடும். போன் நிறுவனம் அந்த சிப்பை ஒரு வருடம் தாமதமாகப் போட்டிருந்தால், வாங்கியவருக்குக் கிடைக்கும் காலம் அதைவிடக் குறைவு.

ஆப்பிளின் உதாரணம் இதைத் தெளிவாக்கும். ஐபோனின் சிப், டிரைவர், இயங்குதளம் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2013-இல் வெளியான ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. கிட்டத்தட்ட பத்தாண்டு. அந்த போனின் பேட்டரி ஒன்றும் கையால் கழற்றக்கூடியது அல்ல.

இரண்டு பழைய தோல்விகள், ஒரு பிடிவாதம்

ஃபேர்போன் இதை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் கற்றது. 2010-இல், தொழில்நுட்பத்தையும் சமூகத்தையும் ஆராயும் ஆம்ஸ்டர்டாமின் வாக் என்ற அமைப்பில், காங்கோவில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் கனிமங்களைப் பற்றிய ஒரு விழிப்புணர்வு இயக்கமாகத் தொடங்கியது இது. பாஸ் வான் ஆபெல் என்ற வடிவமைப்பாளர் அதை 2013-இல் ஒரு நிறுவனமாக்கினார். முதல் போனை முன்பதிவுப் பணத்தைக் கொண்டே செய்தார்கள். அதில் இருந்தது மீடியாடெக்கின் சிப். போன் ஆண்ட்ராய்டு 4.2-இல் வந்தது, 4.2-இலேயே நின்றுவிட்டது. பராமரிக்கத் தேவையான மூல நிரல் முழுமையாகக் கைக்கு வரவில்லை. நீண்ட நாள் உழைக்கும் போன் என்று நம்பி வாங்கியவர்களுக்கு அது பெரிய அடி.

2015 டிசம்பரில் வந்த ஃபேர்போன் 2, கையால் பிரிக்கும்படி வடிவமைக்கப்பட்ட முதல் ஃபேர்போன். அதில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 801. அது 2014-இல் வந்த சிப், அதாவது போன் பிறக்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. ஆண்ட்ராய்டு 6-க்கு மேல் அந்த சிப்பை ஆதரிப்பதில்லை என்று குவால்காம் நிறுத்திக்கொண்டது. இங்கேதான் ஃபேர்போனின் சின்னப் பொறியாளர் குழு யாரும் எதிர்பார்க்காததைச் செய்தது. சிப் நிறுவனத்தின் உதவி இல்லாமலேயே, தன்னார்வ நிரலாளர்கள் நடத்தும் லினியேஜ் ஓஎஸ் போன்ற திறமூலத் திட்டங்களின் உழைப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டு, 2018-இல் ஆண்ட்ராய்டு 7-ஐயும், 2021-இல் ஆண்ட்ராய்டு 9-ஐயும், 2022-இல் ஆண்ட்ராய்டு 10-ஐயும் அந்த போனுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் கூகுளின் லட்சக்கணக்கான தானியங்கிச் சோதனைகளில் தேற வேண்டும். 2023 மார்ச்சில் ஆதரவை நிறுத்தியபோது அந்த போனுக்கு ஏழு வயது கடந்திருந்தது.

எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு நிறுவனம் இப்படியே தொடர்ந்து போன் விற்க முடியாது. ஆண்ட்ராய்டு 9-ஐக் கொண்டுவந்தபோது உலகத்தில் ஆண்ட்ராய்டு 11 வந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு படியும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. சிப்பின் பராமரிப்புக் காலம் போனின் வாக்குறுதிக் காலத்துக்குக் கொஞ்சமாவது ஈடுகொடுத்தால்தான் இது ஓடும் என்பது அங்கே தெளிவாகிவிட்டது.

தொழிற்சாலைக்கான சிப், சட்டைப்பையில்

ஃபேர்போன் 5-இல் இருக்கும் சிப்பின் பெயர் கியூசிஎம்6490. ஸ்னாப்டிராகன் என்ற பிரபலப் பெயர் இதற்குக் கிடையாது. இது கைபேசிகளுக்காக விற்கப்படும் சிப் வரிசையைச் சேர்ந்ததே இல்லை. கிடங்குகளில் பார்கோடு படிக்கும் கருவிகள், கடைகளில் பணம் செலுத்தும் இயந்திரங்கள், தொழிற்சாலைக் கேமராக்கள் போன்றவற்றுக்காகக் குவால்காம் செய்யும் வரிசை அது.

உள்ளே பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. 2021-இல் வந்த ஸ்னாப்டிராகன் 778ஜி-யின் நெருங்கிய உறவினர்தான் இது. கணக்கிடும் வேலையைச் செய்யும் எட்டு கோர்கள். அவற்றில் நான்கு வேகமான கோர்டெக்ஸ் ஏ78, மீதி நான்கு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் கோர்டெக்ஸ் ஏ55. வேகமான நான்கில் ஒன்று 2.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 5ஜி மோடமும் உள்ளேயே இருக்கிறது. அன்றாட வேலைக்கு, வீடியோவுக்கு, வரைபடத்துக்கு, வீடியோ அழைப்புக்குத் தாராளமாகப் போதும். கனமான விளையாட்டுகளை உச்ச அமைப்பில் ஓட்ட நினைக்கிறவருக்குப் போதாது.

வித்தியாசம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கிடங்குக் கருவி வாங்கும் நிறுவனம் அதை இரண்டு ஆண்டில் தூக்கி எறியாது. ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான கருவிகளை வாங்கி, பல ஆண்டு ஓட்டும். அந்த வாடிக்கையாளரை இழக்காமல் இருக்க, தொழில்துறை சிப்களைக் கைபேசி சிப்களைவிட நீண்ட காலம் உற்பத்தியிலும் பராமரிப்பிலும் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் குவால்காமுக்கு உண்டு. ஃபேர்போன் அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைந்தது. ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் போன் மட்டுமே விற்கும் நிறுவனம் அது. ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் ஸ்மார்ட்போன் விற்கும் உலகச் சந்தையில், அதற்காகத் தனியாக ஒரு சிப்பை எட்டு ஆண்டு பராமரியுங்கள் என்று குவால்காமிடம் கேட்டு வாங்கும் பலம் அதற்கு இல்லை. ஆனால் பார்கோடு கருவிக்காரர்கள் ஏற்கெனவே கேட்டு வாங்கியிருந்த நீண்ட காலத்தில் தானும் பங்கு பெற்றுக்கொள்ள முடிந்தது. இந்த போனின் மிகச் சிறந்த வடிவமைப்பு யோசனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இது முழுத் தீர்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த சிப்புக்கான ஆண்ட்ராய்டு தொகுப்பு லினக்ஸ் கர்னலின் 5.4 பதிப்பின் மேல் கட்டப்பட்டது. அந்தப் பதிப்பு 2019 நவம்பரில் வந்தது. லினக்ஸ் சமூகம் நீண்ட காலப் பராமரிப்புக்காகத் தேர்ந்தெடுத்த பதிப்புகளில் ஒன்றுதான், ஆனால் அந்தப் பராமரிப்பும் 2025 இறுதியோடு முடிவதாகவே இருந்தது. 2031 வரை மீதி இருக்கும் ஆண்டுகளுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க, பிந்தைய கர்னல்களில் வரும் திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுவந்து பொருத்தும் வேலையைக் குவால்காமோ ஃபேர்போனோ செய்தாக வேண்டும். மோடத்துக்குள் ஓடும் மென்பொருளோ முழுக்கக் குவால்காமின் கையில். அதில் 2030-இல் ஒரு பெரிய ஓட்டை தெரிய வந்தால் ஃபேர்போன் பொறியாளர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் அவர்களால் தனியாக அதை அடைக்க முடியாது.

அப்டேட் வரும் வேகமும் ஒரு குறைதான். கூகுள் மாதந்தோறும் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்கள் பிக்சல் போன்களுக்கு உடனே போய்ச் சேர்கின்றன. ஃபேர்போனுக்குத் தாமதமாக வருகின்றன. பாதுகாப்பையே முதன்மையாகக் கருதும் நிரலாளர்கள் இதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். எட்டு ஆண்டு வரும் அப்டேட் ஒவ்வொன்றும் தாமதமாக வந்தால் அந்த எட்டு ஆண்டின் மதிப்பு கொஞ்சம் குறையத்தான் செய்யும். என் கருத்தில், மூன்றாவது ஆண்டோடு அறவே நின்றுபோகும் அப்டேட்டைவிட இது எவ்வளவோ மேல். அதே நேரத்தில் பத்திரிகையாளர், மனித உரிமைச் செயற்பாட்டாளர் போன்று நேரடி ஆபத்தில் இருப்பவர்களுக்கு இந்த போனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாவியையும் கொடுத்திருக்கிறார்கள்

நிறுவனமே கைவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். போன் எழும்போது எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று முடிவு செய்யும் பூட்லோடரைப் பயனர் திறந்துகொள்ள ஃபேர்போன் அதிகாரபூர்வமாகவே அனுமதிக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த முரேனா நிறுவனம், கூகுள் சேவைகள் நீக்கப்பட்ட ஈ-ஓஎஸ் ஏற்றிய ஃபேர்போன் 5-ஐத் தனியாக விற்கிறது. லினியேஜ் ஓஎஸ்-ஸும் இதில் ஓடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, இந்த போனுக்கான வன்பொருள் விவரங்கள் லினக்ஸ் கர்னலின் பொதுக் களஞ்சியத்திலேயே சேர்க்கப்பட்டிருப்பது. அதன் பயனாக, ஆண்ட்ராய்டே இல்லாத போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் போன்ற தூய லினக்ஸ் இயங்குதளங்களும் இதில் ஏறுகின்றன. கேமரா போன்ற சில பாகங்களை அங்கே முழுமையாக இயக்குவது இன்னும் கடினம். ஆனாலும் நிறுவனமே மூடப்பட்டாலும் இந்த போனை உயிரோடு வைத்திருக்க ஒரு அடித்தளம் பொதுவெளியில் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பூட்லோடரைத் திறந்த போனில் வங்கிச் செயலிகள் சில ஓட மறுக்கும். போன் கலப்படமில்லாமல் இருக்கிறதா என்று கூகுளின் சேவையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இல்லை என்று பதில் வந்தால் மூடிக்கொள்ளும். காய்கறிக்கடை வரைக்கும் போனில் பணம் செலுத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்னத் தடை இல்லை.

கனிமங்களைப் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், அது தனிக் கட்டுரைக்கு உரியது. உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே சின்னச் சின்னச் சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்கிறார்கள். காங்கோவை முழுக்கத் தவிர்த்துவிடுவது எளிய வழி. ஃபேர்போன் அப்படிச் செய்யாமல், அங்கேயே நிலைமையை மேம்படுத்தும் திட்டங்களில் சேர்வது, ஃபேர்டிரேட் தங்கம் வாங்குவது, போன் பூட்டும் தொழிலாளர்களுக்குக் கூடுதல் தொகை தருவது என்ற வழியை எடுத்தது. இதற்கும் சிப்புக்கும் தொடர்பு இருக்கிறது. ஒரு போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பன் உமிழ்வில் மிகப் பெரிய பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. அதிலும் சிப் போன்ற நுண்பாகங்களின் பங்கு அதிகம். ஆகவே இருக்கும் போனைக் கூடுதலாக மூன்று ஆண்டு ஓட்டுவதற்கு ஈடாக எந்த மறுசுழற்சியும் நிற்காது.

அதன் பிறகு நடந்தது

ஃபேர்போன் 5 அறிவிக்கப்பட்டு ஐந்து வாரம் ஆன நிலையில், 2023 அக்டோபரில், கூகுள் தன் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கு அதே ஏழு ஆண்டைச் சொன்னது. ஒரு லட்சம் போன் விற்கும் நிறுவனத்தைப் பார்த்துப் பயந்து இவர்கள் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கூகுளுக்கு டென்சர் என்ற சொந்த சிப் இருந்தது, சாம்சங்குக்குக் குவால்காமிடம் பேரம் பேசும் அளவுக்கு விற்பனை இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சட்டம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பாவில் விற்கும் எந்த ஸ்மார்ட்போனுக்கும் அந்த மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு இயங்குதள அப்டேட்டும், ஏழு ஆண்டு உதிரி பாகமும் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்க வைத்திருக்க வேண்டும். பேட்டரிகளுக்கான தனிச் சட்டத்தில், பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்றுவது பற்றிய விதிக்கு 2027 பிப்ரவரி என்று நாள் குறித்திருக்கிறார்கள். இந்தியாவில் இதற்கு இணையான சட்டம் இன்னும் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒரு இணையதளம் திறந்தது. போன்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் தருவது பற்றி ஒரு குழுவும் பரிந்துரைகளை அளித்திருக்கிறது. ஃபேர்போன் இங்கே அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. யாராவது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தாலும் உதிரி பாகத்துக்கு மறுபடி ஐரோப்பாவைத்தான் பார்க்க வேண்டும், அதனால் இதை வாங்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கடையில் எந்த போன் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த போன் சொல்லித் தருகிறது. எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட், அது மாடல் வெளியான நாளிலிருந்தா, கடைசி போன் விற்ற நாளிலிருந்தா? உள்ளே இருக்கும் சிப் எந்த ஆண்டு வந்தது? தீபாவளித் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில், மூன்று வருடப் பழைய சிப் இருந்தால், நீங்கள் வாங்குவது அதன் எஞ்சிய காலத்தை மட்டும்தான். கேமராவின் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

2025 ஜூனில் ஃபேர்போனின் ஆறாவது தலைமுறை போன் வந்தது. விலை 599 யூரோ, ஆதரவு 2033 வரை. இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன. பின்மூடியை இப்போது நகத்தால் திறக்க முடியாது. மூடிக்கும் ஸ்க்ரூ, பேட்டரிக்கும் ஸ்க்ரூ. கையோடு இன்னொரு பேட்டரி எடுத்துப்போய் வழியில் மாற்றிக்கொள்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது இழப்புதான். இரண்டாவது, தொழில்துறை சிப் போய்விட்டது. உள்ளே இருப்பது ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 3, எல்லா நிறுவனங்களும் நடுத்தர விலை போன்களில் போடும் சாதாரணக் கைபேசி சிப். அதே ஆண்டு பிப்ரவரியில் குவால்காமும் கூகுளும் சேர்ந்து, ஸ்னாப்டிராகன் 8 எலைட் தொடங்கி இனி வரும் உயர்நிலை, நடுத்தர சிப்களுக்கு எட்டு ஆண்டு வரை ஆண்ட்ராய்டு ஆதரவு தர வழி செய்வதாக அறிவித்திருந்தன. 7எஸ் ஜென் 3 அந்த அறிவிப்புக்கு முன்பே வந்த சிப் என்பதால் ஃபேர்போனுக்கு அதில் நேரடிப் பங்கில்லை, 2033-க்கான உழைப்பைப் பெரும்பாலும் அவர்களே சுமக்க வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு அடுத்த போனைச் செய்யும்போது, நீண்ட ஆயுளுக்காகப் பார்கோடு கருவியின் சிப்பைத் தேடிப் போக வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்காது.